கொள்கை ஏடு ஒன்று சொல்லும், கொள்முதல் வேறொன்று சொல்லும்

மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல், வறட்சியோ போரோ வந்தாலும் மக்களைப் பட்டினி போடாமல் இருக்கும் உணவு அமைப்பை வேளாண் கொள்கையால் உருவாக்க முடியுமா, முடியுமென்றால் ஓர் அரசு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது கேள்வி.

முடியும். செய்து காட்டிய நாடுகள் உண்டு. செய்யப்போய்க் கையைச் சுட்டுக்கொண்ட நாடுகளும் உண்டு. இரண்டையும் பார்த்தால் ஒன்று தெரிகிறது: எந்த உழவரும் கொள்கை ஏட்டைப் படித்துவிட்டு விதைப்பதில்லை. விளைந்ததை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார், விளையாமல் போனால் நஷ்டம் யார் தலையில் விழும், இந்த மூன்றையும் கணக்குப் போட்டுத்தான் விதைக்கிறார். இந்த மூன்றையும் தொடாத கொள்கை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வயலுக்குள் இறங்காது.

அதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நீடித்து நிற்பதும் அதிர்ச்சியைத் தாங்குவதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். பல சமயம் இரண்டும் எதிரெதிராக இழுக்கும். பஞ்சாபை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விளையும் நெல்லும் கோதுமையும் மத்திய அரசின் கிடங்குகளுக்குப் போகின்றன. பஞ்சக் காலத்தில் தானியக் கப்பலுக்காகக் காத்திருந்த நாடு, அந்தக் கையிருப்பால் பெருந்தொற்றுக் காலத்தில் கோடிக்கணக்கானவர்களுக்கு இலவசத் தானியம் கொடுத்தது. நாட்டளவில் பார்த்தால் தாங்கும் சக்திக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அந்த நெல் வளர்வது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில். ஆண்டுதோறும் ஊறுவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக அங்கே உறிஞ்சப்படுகிறது. அதாவது இன்றைய தாங்குதிறனை நாளைய தண்ணீரை விற்று வாங்குகிறோம்.

இதைச் சரிசெய்ய பஞ்சாப் அரசு 2009-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 10-க்கு முன் யாரும் நெல் நடவு செய்யக் கூடாது என்றது அது. கொளுத்தும் வெயிலில் நட்டால் ஆவியாகும் தண்ணீர் அதிகம், பருவமழையை ஒட்டி நட்டால் இறைப்பது குறையும் என்பது கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். அக்டோபர் கடைசியில் நெல்லை அறுத்துவிட்டு நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரம் விட்டுப்போன நெல்தாளை அகற்ற ஆளும் இல்லை, நேரமும் இல்லை, கையில் தீப்பெட்டிதான் இருக்கிறது. காற்று அசையாத குளிர்காலத் தொடக்கத்தில் அந்தப் புகை டெல்லிப் பக்கம் போய்ப் படிகிறது. தாள் எரிப்பு அதற்கு முன்பும் இருந்தது, ஆனால் அதைக் காற்றே இல்லாத வாரங்களுக்குத் தள்ளியதில் இந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு.

உழவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1997-ல் பாசன மின்சாரம் இலவசமானது. நெல்லையும் கோதுமையையும் அரசே ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்கிறது. பயறும் எண்ணெய்வித்தும் போட்டால் விலை சந்தையின் தயவு. 1960-களின் தொடக்கத்தில் சில லட்சம் ஹெக்டேராக இருந்த நெல், இன்று 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருப்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சட்டம் நாள்காட்டியை மாற்றியது. மின்கட்டணமும் கொள்முதலும் அப்படியே இருந்தன. உழவர் எந்தப் பக்கம் போவார்?

ஆகவே, அரசுப் பணம் ஏற்கெனவே எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. புதிதாகத் திட்டம் அறிவிப்பது அப்புறம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் வேறு இரண்டு ஐ.நா. அமைப்புகளும் 2021-ல் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. உலக அளவில் வேளாண் உற்பத்தியாளர்களுக்குப் போகும் ஆதரவு ஆண்டுக்குச் சுமார் 54,000 கோடி டாலர். அதில் 87 விழுக்காடு விலையைத் திரிப்பதாகவோ, சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் கேடு செய்வதாகவோ இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. இந்தத் தொகையை வைத்துக்கொண்டு, நீடித்த வேளாண்மைக்குப் பணம் இல்லை என்று சொல்வது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும். பணம் இருக்கிறது, எதிர்த் திசையில் ஓடுகிறது.

சரி, அப்படியானால் மானியத்தை மொத்தமாக நிறுத்திவிடலாமா? நியூசிலாந்து 1984-ல் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. அதுவரை ஆட்டுத் தலைக்குப் பணம், காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கக் கடன், உரத்துக்கு மானியம் எல்லாம் இருந்தன. நாட்டில் 7 கோடி ஆடுகள் நின்றன. மானியம் போனதும் பண்ணைகள் கும்பல் கும்பலாக மூழ்கும் என்று பயந்தார்கள், அப்படி நடக்கவில்லை. மானியத்துக்காக மட்டும் மேய்க்கப்பட்ட செங்குத்துச் சரிவுகள் மெல்ல மரத்துக்கும் புதருக்கும் திரும்பின, ஆட்டு எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. இதுவரை சொல்லி நிறுத்திவிடுபவர்கள் அதிகம். கதை அதோடு முடியவில்லை. ஆடு இருந்த சமவெளியில் பால்மாடு வந்தது, பாசனம் வந்தது, யூரியா வந்தது. மாட்டு மூத்திரத்திலிருந்தும் உரத்திலிருந்தும் நைட்ரேட் இறங்கி ஆறுகளும் நிலத்தடி நீரும் கெட்டன. கெடுதலுக்குக் கொடுக்கும் காசை நிறுத்துவது ஒரு வேலை. கெடுத்தவர் அதற்கு விலை கொடுக்க வைப்பது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. 1980-களில் உறுதி விலை கொடுத்து வாங்கி வாங்கி வெண்ணெய் கிடங்குகளில் மலையாகக் குவிந்தது. 1992-ல் விலையைக் குறைத்து உழவருக்கு நேரடிப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2003-க்குப் பிறகு அந்தப் பணத்துக்கும் விளைச்சலுக்கும் இருந்த தொடர்பைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். குவியல் கரைந்தது. ஆனால் பணம் ஹெக்டேர் கணக்கில் போனதால் நிலம் அதிகம் உள்ளவருக்கே அதிகம் போனது, சுமார் 80 விழுக்காடு தொகை 20 விழுக்காடு பண்ணைகளுக்கு. சிறிய பண்ணைக்காரர்கள் கையில் கிடைத்தது நிபந்தனைகளும் படிவங்களும். 2024-ன் தொடக்கத்தில் டிராக்டர்கள் தலைநகரங்களை முற்றுகையிட்டபோது, 4 விழுக்காடு நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்றியம் கைவிட்டது. பூச்சிமருந்துப் பயன்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் சட்ட முன்வரைவும் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் போராட்டங்களில் பெரும்பண்ணை நலன்களும் கலந்திருந்தன என்பது உண்மைதான். இருந்தாலும் மாற்றத்தின் பலன் எல்லோருக்கும், செலவு மட்டும் உழவருக்கு என்றால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

இனி நான் முக்கியமாகக் கருதும் இரண்டு நாடுகள். இரண்டும் ரசாயனத்தைக் குறைக்க முடிவு செய்தவை. ஒன்று ஜெயித்தது, ஒன்று ஆட்சியாளரின் பெயரோடு சேர்ந்து கெட்டது.

இந்தோனேசியாவில் 1970-களிலும் 80-களிலும் நெல்லில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அழிச்சாட்டியம் செய்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. காரணம் வயலில் குனிந்து பார்த்தால் தெரியும். புகையான் தன் முட்டையை நெல் தூரின் இலையுறைக்குள் வைக்கிறது, மருந்து அங்கே எட்டுவதில்லை. வெளியே திரியும் சிலந்தியும் நீர்ப்பரப்பில் ஓடும் வேட்டைப் பூச்சிகளும் செத்துவிடுகின்றன. சில நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது தின்ன ஆளில்லாத வயல் அவற்றுக்காகக் காத்திருக்கிறது. அரசு இந்த மருந்துக்குக் கிட்டத்தட்ட 80 விழுக்காட்டுக்கும் மேல் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது புகையானை வளர்க்கும் செலவைக் கருவூலம் ஏற்றது.

1986 நவம்பரில் அதிபர் சுகார்தோ ஓர் ஆணை பிறப்பித்தார். 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கத் தடை. மானியம் படிப்படியாகக் குறைந்து 1989-ல் முற்றிலும் நின்றது. அதே ஆண்டு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. 25 பேர் அளவிலான குழு, ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருநாள் வயலில் கூடுவார்கள். தூர்களைப் பிரித்துப் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, அதைத் தின்னும் பூச்சி எத்தனை என்று எண்ணித் தாளில் வரைவார்கள். பிறகு இந்த வாரம் மருந்து தேவையா இல்லையா என்று அவர்களே முடிவெடுப்பார்கள். பெரும்பாலான வாரங்களில் தேவையில்லை என்றுதான் வரும். மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. மானியத்துக்குப் போன பெருந்தொகை மிச்சமானது. அதில் ஒரு சிறு பகுதி பள்ளிகளுக்குப் போதுமானதாக இருந்தது.

பிற்பாடு மருந்துச் சந்தை மீண்டும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது, பள்ளிகளுக்கான பணமும் வற்றியது. 2010, 2011-ல் ஜாவாவில் புகையான் மறுபடியும் பெரிய அளவில் வந்தது. ஒருமுறை சரிசெய்துவிட்டு அலமாரியில் வைத்துவிடும் காரியமாக இதை நினைக்க முடியாது.

அடுத்தது இலங்கை. 2019 தேர்தலில் கோத்தபய ராஜபக்ச, பத்தாண்டுகளில் இயற்கை வேளாண்மைக்கு மாறுவதாக வாக்குறுதி கொடுத்தார். பத்தாண்டு என்பது யோசிக்கத்தக்க கால அளவு. ஆனால் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியதும், 2021 மே மாதத்தில் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை வந்தது. பத்தாண்டு ஒரே பருவமாகச் சுருங்கிவிட்டது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தாலே இது நடக்காது என்று தெரிந்திருக்கும். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு 100 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் 50 கிலோ மூட்டையில் நான்கரைக்கும் குறைவாகவே போதும். நன்றாக மக்கிய உரத்தில் 1 முதல் ஒன்றரை விழுக்காடுதான் இருக்கும். அதே 100 கிலோவுக்கு 7 முதல் 10 டன் எரு தேவை. அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான், மீதி மண்ணில் மெல்ல மெல்லக் கரையும். இதைப் பல லட்சம் ஹெக்டேரால் பெருக்கிப் பாருங்கள். அவ்வளவு மாடும் தழையும் எங்கே, அதைச் சுமக்கும் வண்டி எங்கே, இத்தனையும் இலங்கையின் முக்கிய நெல் பருவமான பெரும்போகத்துக்குள் எப்படி வந்து சேரும்? நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் விதைப்புக் காலம் வந்துவிட்டது. அந்தப் பெரும்போக நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. தேயிலையும் அடி வாங்கியது. உரத்தில் மிச்சம் பிடிக்க நினைத்த டாலர், அரிசி இறக்குமதிக்குப் போனது.

இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, ரசாயனத்தைத் தொடக் கூடாது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். துணிவு போதாது, இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்க வேண்டும் என்று இன்னொரு சாரார். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. இந்தோனேசியா எடுத்துவிட்டது பயிருக்குத் தேவையே இல்லாத ஒன்றை, அதன் இடத்தில் வைத்தது அறிவை. இலங்கை எடுத்துவிட்டது பயிர் தின்னும் உணவை, அதன் இடத்தில் வைக்க அதனிடம் எதுவும் இருக்கவில்லை. தழைச்சத்தைக் குறைக்கும் வழிகள் உண்டு: பயறு வகைகளைச் சுழற்சியில் கொண்டுவருவது, மண் ஆய்வுப்படி இடுவது, ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவது. எல்லாம் பல பருவம் பிடிக்கும் வழிகள். அத்தனை பருவத்திலும் விளைச்சல் கொஞ்சம் சரிந்தால் அந்த இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பதில் எழுதாமல் எந்த மாற்றத்தையும் தொடங்கக் கூடாது. என் பார்வையில் கொள்கையின் தரத்தை அளக்க இந்த ஒரு கேள்வியே போதும்.

கொள்முதலுக்கு வருவோம். அரசு எதை வாங்குகிறதோ அதுதான் விளையும் என்றால், வாங்குவதை மாற்றினால் விளைவதும் மாற வேண்டும் இல்லையா? பிரேசில் 2009-ல் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்பப் பண்ணைகளிடம் செலவழிக்க வேண்டும் என்றது அது. சுமார் 4 கோடி மாணவர்கள் சாப்பிடும் திட்டம் அது. இதில் எனக்குப் பிடித்தது விழுக்காடு அல்ல, அதைச் சாத்தியமாக்கிய சின்னச் சின்ன ஏற்பாடுகள். வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறையில் மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே வேலை கிடைக்கும், அங்கே சிறு உழவர் ஒருநாளும் ஜெயிக்க மாட்டார். ஆகவே இந்த 30 விழுக்காட்டுக்கு அந்த முறையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அரசு முன்கூட்டியே ஒரு விலையை அறிவித்து, யார் தருகிறீர்கள் என்று கேட்கும். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. இன்ன மாதத்தில் என்ன காய் கிடைக்கும் என்று பார்த்து ஊட்டச்சத்து வல்லுநர் உணவுப் பட்டியல் போடுகிறார், இயற்கை வேளாண் விளைபொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் இடம் உண்டு. பள்ளி எப்போது திறக்கும், எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது ஓராண்டுக்கு முன்பே தெரியும். உழவருக்கு இவ்வளவு நம்பகமான வாடிக்கையாளர் வேறு எங்கே கிடைப்பார்? தானியம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர் காய்க்கும் பழத்துக்கும் மாறத் துணிவது இந்த உறுதியால்தான்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் மெல்ல வரும் கேட்டைப் பற்றியது. திடீரென்று விழும் அடி வேறு மாதிரி.

1970-ல் அமெரிக்க மக்காச்சோளத்தில் ஓர் இலைக்கருகல் நோய் பரவியது. வீரிய ஒட்டு விதை தயாரிக்க வசதியாக இருந்ததால், நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு தாய்ச்செடி வழியே வரும் ஒரே மரபுக் கூற்றைக் கொண்டிருந்தது. அந்தக் கூற்றைத் தாக்கும் பூஞ்சை இனம் ஒன்று வந்ததும் ஒரே கோடையில் விளைச்சலில் 15 விழுக்காடு போனது. கடையில் பத்து விதை நிறுவனங்களின் பெயர் இருந்தன, உள்ளே இருந்தது ஒரே பலவீனம். பல்வகைமையைப் பெயர்ப் பலகையில் எண்ணக் கூடாது, மரபணுவில் எண்ண வேண்டும். விதை ஆராய்ச்சிக்கும் விதை வங்கிக்கும் அரசு பணம் போட வேண்டியது இதற்காகத்தான், சந்தைக்கு அதில் லாபம் இல்லை. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த வறட்சிநில வேளாண் ஆய்வு மையத்தைப் போர் சூழ்ந்தபோது, அதன் விதைகளின் நகல்கள் நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்தில் இருந்தன. 2015-ல் அவற்றை எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் மறுபடி விதைத்துப் பெருக்கினார்கள்.

அடுத்த வகை அடி சந்தையிலிருந்து வருவது. 2007, 2008 அரிசி நெருக்கடியில் விளைச்சல் குறையவே இல்லை, உலக அளவில் நல்ல மகசூல்தான். இந்தியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது, வியட்நாமும் கட்டுப்படுத்தியது. பயந்துபோன பிலிப்பைன்ஸ் கேட்ட விலைக்கு வாங்கத் தொடங்கியது. 2007 இறுதியில் டன் 400 டாலருக்கும் கீழ் இருந்த தாய்லாந்து அரிசி, அடுத்த ஏப்ரல், மே வாக்கில் 1,000 டாலரைத் தொட்டது. உலக அரிசியில் எல்லை தாண்டுவது மிகச் சிறிய பங்கு என்பதால் இரண்டு மூன்று நாடுகள் கதவைச் சாத்தினாலே போதும், மீதிப்பேர் பதறிவிடுவார்கள். உலக வர்த்தக ஒப்பந்தப்படி இறக்குமதி செய்து கிடங்கில் வைத்திருந்த அரிசியை விற்கத் தயார் என்று ஜப்பான் சொன்னதும் விலை இறங்கியது. அறிவிப்புத்தான் வேலை செய்தது, அரிசி அவ்வளவாகக் கப்பல் ஏறக்கூட இல்லை.

இதிலிருந்து, எல்லாவற்றையும் நாமே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்குப் பலர் தாவுகிறார்கள். முழுத் தற்சார்பு என்பது எல்லா முட்டையையும் சொந்தக் கூடையில் வைப்பது, வறட்சி வந்தால் உள்நாடு மொத்தமும் சேர்ந்து விழும். முழு இறக்குமதியும் அப்படியே, 2022-ல் கருங்கடல் துறைமுகங்கள் மூடப்பட்டபோது கோதுமைக்கு உக்ரைனையும் ரஷ்யாவையும் நம்பியிருந்த நாடுகள் பட்டது நினைவிருக்கும். கொஞ்சம் உள்நாடு, கொஞ்சம் கையிருப்பு, வாங்குவதைப் பல திசைகளிலிருந்து வாங்குவது, இந்தக் கலவைதான் நிற்கும். கையிருப்பை வைத்திருப்பதைவிட அதைச் சுழற்றுவது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த விலையில் வெளியே விடுவது என்ற விதியை முன்பே எழுதி வைக்காவிட்டால் அது தேர்தல் வரும்போது திறக்கும், இல்லாவிட்டால் கிடங்கிலேயே மட்கும்.

உணவு இருந்தும் வாங்கக் காசில்லாமல் சாவது மூன்றாவது வகை. 1943 வங்கப் பஞ்சத்தில் மடிந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கூலிகள், மீனவர்கள், கைவினைஞர்கள். அரிசி விலை பறந்தபோது அவர்கள் கூலி நடந்துகூட வரவில்லை. ஆகவே வேளாண் கொள்கை என்று பேசும்போது விளைவிப்பதோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை. எத்தியோப்பியா 2005-ல் தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டம் எனக்கு நல்ல முன்மாதிரியாகத் தெரிகிறது. ஆண்டுதோறும் பஞ்சம் வந்த பிறகு உதவி கேட்டு ஓடுவதை விட்டு, எந்தெந்தக் குடும்பங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சில மாதம் உணவு போதாது என்று முன்பே கண்டறிந்து, அந்த மாதங்களில் பணமோ தானியமோ கொடுத்தார்கள். 70, 80 லட்சம் பேர் வரை பயன்பெற்றார்கள். உழைக்க முடிந்தவர்கள் பதிலுக்கு மலைச்சரிவில் வரப்புக் கட்டினார்கள், குட்டை வெட்டினார்கள். அந்த வரப்பு அடுத்த மழையில் மண்ணைப் பிடித்து வைத்தது. தாங்குதிறனும் நீடிப்பும் ஒரே திட்டத்தில் சேர்வது அரிது, இங்கே சேர்ந்தது.

கென்யாவின் வடக்கே மார்சபிட் பகுதியில் 2010-ல் வந்த கால்நடைக் காப்பீடும் கவனிக்க வேண்டியது. அங்கே யாரும் வந்து செத்த மாட்டை எண்ணுவதில்லை. மேய்ச்சல் நிலம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று செயற்கைக்கோள் பார்க்கும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம் வரும். முதலில் மாடு செத்த இழப்புக்கு ஈடாகவே இதை வடிவமைத்தார்கள். பிறகு, மாடு சாவதற்கு முன்பே பணம் வந்தால் தீவனமும் தண்ணீரும் வாங்கி அதைக் காப்பாற்றலாமே என்று மாற்றினார்கள். குறையும் உண்டு: செயற்கைக்கோள் பச்சையைக் காட்டும், அந்தப் பச்சை மாடு தின்னாத முட்புதராகவும் இருக்கலாம்.

உணவு வீணாவது பற்றிச் சுருக்கமாக. உலக அளவில் அறுவடைக்குப் பிறகு கடைக்கு வருமுன் சுமார் 13 விழுக்காடு போகிறது. கடையிலும் உணவகத்திலும் வீட்டிலுமாக 19 விழுக்காடு. அமைச்சர்களுக்குக் குளிர்பதனக் கிடங்கு திறந்துவைக்கப் பிடிக்கும். மின்சாரம் நிற்காமல் வருமா, பண்ணையிலிருந்து சாலை உண்டா என்று பார்க்காமல் கட்டினால் அது வெறும் கட்டடம்.

குத்தகைதாரர், பெண் உழவர் பிரச்சினையை விட்டுவிட முடியாது. மானியம், காப்பீடு, கடன் எல்லாம் நிலப்பட்டாவைப் பிடித்துத்தான் வருகின்றன. உழுபவர் பெயரில் பட்டா இருக்காது, அதனால் வறட்சி நிவாரணம் நகரத்தில் இருக்கும் நில உரிமையாளரின் கணக்கில் போய் விழும். அடுத்த ஆண்டு இந்த நிலம் நம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மண்ணுக்கு எருப் போட மாட்டார், மரம் நட மாட்டார். எத்தியோப்பியாவில் 1998-ல் திக்ரே பகுதியில் தொடங்கி நிலச் சான்றிதழ் கொடுத்தபோது, சான்றிதழ் பெற்றவர்கள் மண் அரிப்புத் தடுப்பில் கூடுதலாக உழைத்தது ஆய்வுகளில் தெரிந்தது. அதற்கு ஆடம்பரமான அளவைக் கருவிகள்கூடத் தேவைப்படவில்லை, அக்கம்பக்கத்தார் சாட்சியோடு கயிற்றால் அளந்து எளிய தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? என்னைக் கேட்டால், முதல் ஆண்டில் எதையும் தடை செய்ய மாட்டேன். மின்சாரம், உரம், தண்ணீர், கொள்முதல், இறக்குமதி வரி என்று பிரித்து ஒவ்வொரு பயிருக்கும் அரசுப் பணம் எவ்வளவு போகிறது என்று ஒரே தாளில் எழுதி வெளியிடுவேன். பல நாடுகளில் இப்படி ஒரு தாள் கிடையாது, இந்தக் கணக்கு நான்கைந்து அமைச்சகங்களில் சிதறிக் கிடக்கும். அப்புறம், தேவையே இல்லாமல் கேடு மட்டும் செய்யும் ஒரு மானியத்தைத் தேர்ந்தெடுத்து, அதே தொகையை அதே உழவர்களுக்கு வேறு வடிவில் கொடுத்துவிட்டு நிறுத்துவேன். இலவச மின்சாரத்துக்குப் பதிலாக, மிச்சப்படுத்தும் ஒவ்வோர் அலகுக்கும் பணம் என்பது போல. பஞ்சாபிலேயே 2018-ல் இதைச் சிறிய அளவில் முயன்றார்கள். மூன்றாவதாக, அரசு கொள்முதலில் ஒரு சிறு பங்கையாவது தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிர்களுக்கு ஒதுக்கி, விலையை விதைப்புக்கு முன்பே அறிவிப்பேன். அறுவடைக்குப் பிறகு அறிவிக்கும் விலையால் யாருடைய விதைப்பும் மாறாது.

அளப்பதையும் மாற்ற வேண்டும். இன்று பெரும்பாலான வேளாண் அமைச்சகங்கள் டன்னை மட்டும் அளக்கின்றன. ஒரு கிலோ தானியத்துக்கு நிலத்தடி நீர் எவ்வளவு போனது, முக்கியப் பயிரின் பரப்பில் பாதிக்கு மேல் ஒரே ரகம் இருக்கிறதா, மழை பொய்த்தது உறுதியான நாளிலிருந்து ஒரு குடும்பத்தின் கையில் பணம் வந்து சேர எத்தனை நாளானது என்ற மூன்றையும் ஆண்டுதோறும் டன்னுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால், வரவுசெலவுத் திட்ட விவாதத்தின் பேச்சே மாறும். இதில் மூன்றாவது எண் எந்த நாட்டில் வெளியாகிறது என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.